ஒரு நொடிதானே என்று சொல்லாதீர்கள்

போன பொங்கலுக்கு என் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நம் வயதுக்காரர்களுக்கு சர்வர் என்றால் ஓட்டலில் காபி கொண்டு வந்து வைப்பவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இது வேறு சர்வர். நம் பென்ஷன் கணக்கு, பேங்க் வரவு செலவு, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். ஒரு வகையில் இதுவும் பரிமாறும் வேலைதான்.

சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பூமி முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது என்று பேப்பரில் படித்தது நினைவுக்கு வந்தது. "ஏம்ப்பா, லீப் செகண்டு என்கிறார்களே, அதற்கு உங்கள் சர்வர்களில் என்ன ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழைய கதை மாமா. 2035-ல் எடுத்துவிடப் போகிறார்கள். வந்தாலும் என்ன, ஒரு நொடிதானே?"

"சரி, வந்தால் யார் பார்ப்பார்கள்?"

"அது தானாகவே பார்த்துக்கொள்ளும் மாமா."

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக 34 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். "தானாகவே நடந்துவிடும்" என்று யாராவது சொன்ன போதெல்லாம், பின்னால் யாருக்காவது மெமோ வந்திருக்கிறது. பல தடவை அது எனக்கே வந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பள்ளியில் படித்தது பிரெஞ்சில், பிழைப்புக்குச் செய்தது குமாஸ்தா வேலை. ஆனால் நேரம், தேதி, வரிசை எண் ஆகிய மூன்றும் என் தொழில். இது அந்த மூன்றைப் பற்றிய விஷயம். ஆகவே எனக்கும் பேச இடம் உண்டு.

முதலில் லீப் செகண்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் நேரம் என்பது பூமி சுற்றுவதை வைத்துத்தான். ஒரு நாளை 86,400 பங்காகப் போட்டால் ஒரு பங்கு ஒரு நொடி. ஆனால் பூமி ஒரே சீராகச் சுற்றுவதில்லை. கடல் ஏற்ற இறக்கம், உள்ளே இருக்கும் குழம்பின் ஓட்டம், பனி உருகுவது என்று பல காரணங்களால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஆகவே 1967-ல் நொடியை பூமியிடமிருந்து பிரித்து அணுவிடம் ஒப்படைத்தார்கள். சீசியம் அணு சம்பந்தப்பட்ட ஓர் அலை 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 தடவை துடித்தால் ஒரு நொடி. இது ஆடாது, அசையாது.

இப்போது கடிகாரம் இரண்டு ஆகிவிட்டது. ஒன்று அணுக் கடிகாரம், இன்னொன்று பூமி. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். அது ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது என்று 1972-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வித்தியாசம் கூடும்போது உலகம் முழுவதும் ஒரே கணத்தில் ஒரு நொடியைச் சேர்ப்பது என்பதே அது. 1972 முதல் 2016 முடிய இப்படி 27 முறை சேர்த்தாயிற்று. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி. நமக்கு அது 2017 ஜனவரி 1 விடியற்காலை. 5 மணி 29 நிமிடம் 59 நொடிக்குப் பிறகு 5.30 வரவில்லை, 5 மணி 29 நிமிடம் 60 நொடி என்று ஒன்று வந்துவிட்டுத்தான் 5.30 வந்தது. நாம் அப்போது காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தோம், யாரும் கவனிக்கவில்லை.

எப்போது சேர்க்க வேண்டும் என்பதை பாரிஸ் வானாய்வகத்தில் உள்ள ஓர் அலுவலகம் ஏறக்குறைய ஆறு மாதம் முன்னதாகவே அறிவிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், "இந்த முறை உண்டு" அல்லது "இந்த முறை இல்லை" என்று அறிக்கை வரும். ஆகவே இது திடீரென்று வருகிற புயல் அல்ல. ஆறு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிற விருந்தாளி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இனி என் பள்ளிக்கூடக் கதை. எங்கள் கணக்கு வாத்தியாரை நாங்கள் "முசியே" என்றுதான் கூப்பிடுவோம். லீப் வருஷத்துக்குப் பிரெஞ்சில் "பிசெக்ஸ்தில்" வருஷம் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று ஒரு நாள் சொல்லிக் கொடுத்தார். பழைய ரோமாபுரிக்காரர்கள் பிப்ரவரிக் கடைசி நாட்களை, மார்ச் முதல் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி எண்ணுவார்களாம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை சேர்க்க வேண்டிய நாளை, நாம் செய்வது போல 29 என்று கடைசியில் ஒட்டவில்லை. ஆறாவது நாளையே இரண்டு முறை எண்ணினார்கள். "பிஸ்" என்றால் இரண்டு முறை, "செக்ஸ்துஸ்" என்றால் ஆறாவது. அப்படி வந்தது அந்த வார்த்தை.

எனக்கு அப்போது 11 வயது இருக்கும். "முசியே, முதல் ஆறாம் நாளில் வாங்கிய கடனா, இரண்டாம் ஆறாம் நாளில் வாங்கிய கடனா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீ நோட்டரி ஆபீசுக்குத்தான் போகப் போகிறாய்" என்றார். நோட்டரி ஆபீசுக்குப் போகவில்லை, ஆனால் அந்தக் கேள்வியோடுதான் வாழ்நாளைக் கழித்தேன்.

இன்றைய கம்ப்யூட்டர்கள் லீப் செகண்டுக்குச் செய்வது அதே ரோமாபுரி வேலைதான். உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் நேரத்தைக் கணக்கிடும் முறையில், ஒவ்வொரு நாளுக்கும் 86,400 நொடி மட்டுமே உண்டு. 86,401-வது நொடிக்கு நாற்காலியே கிடையாது. ஆகவே அந்த நொடி வரும்போது, லினக்ஸ் என்னும் அடிப்படை மென்பொருள் கடிகாரத்தை ஒரு நொடி பின்னால் தள்ளி, கடைசி நொடியையே இன்னொரு முறை ஓட்டுகிறது. அதாவது ஒரே எண்ணில் இரண்டு நொடி.

அரசு அலுவலகத்தில் தபால் பதிவேடு எழுதியவர்களுக்கு இதைக் கேட்டாலே பகீர் என்றிருக்கும். 12-ம் எண்ணுக்கும் 13-ம் எண்ணுக்கும் நடுவில் ஒரு கடிதம் பதியாமல் விட்டுப்போனால் என்ன செய்வோம்? 12-அ என்று போட்டு எழுதுவோம். இன்னொரு 12 எழுதுவோமா? எழுதினால் சூப்பரின்டென்ட் பேனாவைப் பிடுங்கிவிடுவார்.

கவனியுங்கள், விஞ்ஞானிகள் சரியாகத்தான் செய்தார்கள். 59-க்குப் பிறகு 60 என்று அந்த நொடிக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். அதுதான் 12-அ. கம்ப்யூட்டரின் பதிவேட்டை அச்சடித்தவர்கள் அதற்கு இடம் விடவில்லை. ஆகவே நொடியின் மேல் பழி போடாதீர்கள். பதிவேட்டில் இடம் விடாதவர்கள் மேல் போடுங்கள். நான் சொல்ல வந்தது அடிப்படையில் இவ்வளவுதான். இனி அதற்கான ஆதாரம்.

2012 ஜூன் 30 நள்ளிரவு ஒரு லீப் செகண்டு வந்தது. அதைச் சேர்க்கும்போது லினக்ஸ் ஒரு தவறு செய்தது. கடிகாரத்தைத் திருத்திவிட்டு, "நேரத்தை மாற்றிவிட்டேன்" என்ற தகவலைத் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கும் அலாரப் பிரிவுக்குச் சொல்லவில்லை. நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஆர்டர் போட்டாயிற்று, செக்‌ஷனுக்கு நகல் போகவில்லை. அலாரப் பிரிவு ஒரு நொடி தள்ளியே நின்றது. "அரை நொடி கழித்து எழுப்பு" என்று படுத்த வேலைகளை எல்லாம் அந்தக் கணமே எழுப்பியது. அவை எழுந்து, ஒன்றும் இல்லை என்று மறுபடி படுக்க, மறுபடி எழுப்ப, இப்படியே மெஷின் முழு மூச்சில் சும்மா ஓடியது. ரெடிட், மொசில்லா, லிங்க்டின் போன்ற பெரிய இடங்களில் எல்லாம் தொல்லை. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானங்களுக்குப் பயணிகளைப் பதியும் கம்ப்யூட்டர் முடங்கி, ஊழியர்கள் கையால் எழுதி ஆட்களை ஏற்றினார்கள். ஜெர்மனியில் ஹெட்ஸ்னர் என்ற சர்வர் நிறுவனம், அந்த ராத்திரி தன் மின்சாரச் செலவு ஏறக்குறைய ஒரு மெகாவாட் கூடியதாக வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. ஒரு நொடிக்கு ஒரு மெகாவாட்!

இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? கடிகாரத்தை அது காட்டும் அதே நேரத்துக்கே மறுபடி ஒரு முறை செட் செய்வது. அவ்வளவுதான். செக்‌ஷனுக்குப் போகாத நகலை அனுப்பிய மாதிரி. பல சர்வர்கள் அதிலேயே அடங்கிவிட்டன.

அடுத்தது 2017 ஜனவரி 1. நாம் பால் காய்ச்சிய அதே விடியற்காலை 5.30. கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனம், இணையதளத்தின் பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடிக் கொடுக்கும் வேலை செய்கிறது. அவர்களுடைய புரோகிராம் ஒன்று, கேள்வி அனுப்பிய நேரத்தையும் பதில் வந்த நேரத்தையும் கழித்து, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கும். கடிகாரம் ஒரு நொடி பின்னால் போனதால், பதில் கேள்விக்கு முன்பே வந்துவிட்டதாகக் கணக்கு. விடை மைனஸ். மைனஸ் வரும் என்று அந்தப் புரோகிராமை எழுதியவர் நினைத்தே பார்க்கவில்லை, அது அப்படியே விழுந்தது. நம் நேரப்படி பகல் 12.15-க்குத்தான் உலகம் முழுக்க உள்ள அவர்களுடைய மெஷின்களில் திருத்தம் போய்ச் சேர்ந்தது. பாதிப்பு உச்சத்தில் இருந்தபோதுகூட வந்த கேள்விகளில் 0.2 சதவீதம்தான் என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு நொடிக்குக் கொடுத்த விலை ஏறக்குறைய ஏழு மணி நேரம்.

"கேள்விக்கு முன்னால் பதில்" என்று படித்ததும் எனக்கு என் டெண்டர் பெட்டி ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் நடந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். டெண்டர் கவர் போடக் கடைசி நேரம் பிற்பகல் 3 மணி. கவர் வாங்கிப் பதிவேட்டில் நேரம் எழுதிவிட்டு, பெட்டியில் போடச் சொல்வது என் வேலை. நான் ஹாலில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். பெட்டியை சீல் வைப்பது அதிகாரி. அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் வேகம். அன்றைக்குக் கடைசியாக வந்த கவருக்கு நான் எழுதிய நேரம் 3.02. அதிகாரி சீல் வைத்ததாக எழுதிய நேரம் 3.00. அதாவது எழுத்துப்படி, பெட்டி மூடிய பிறகு கவர் உள்ளே போயிருக்கிறது!

எல்லோரும் யோக்கியமாகத்தான் வேலை செய்தோம். யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆனால் டெண்டர் கிடைக்காதவர் புகார் எழுதிவிட்டார். விசாரணை வந்தது, எனக்கு மெமோ வந்தது, டெண்டரை ரத்து செய்து மறுபடி கூப்பிட்டார்கள். நாலு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆர்டர் வந்தது: இந்த அலுவலகத்தில் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான் நேரம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரேடியோ நேரத்தோடு அதைச் சரிபார்க்க வேண்டும், சரிபார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்றைக்கு டெண்டர் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கடைசி நிமிடத்தில் கவர் போடும் பழக்கம் மட்டும் மாறவில்லை. நம் பணம் பேங்கிலிருந்து போன நேரம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த நேரம், எல்லாம் ஏதோ ஒரு சர்வரின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. அந்த ஏதோ ஒரு சர்வருக்கும் இன்னொரு சர்வருக்கும் நடுவில் வித்தியாசம் இருந்தால் மெமோ யாருக்குப் போகும்? அப்போதாவது நான் ஒருவன் இருந்தேன்.

இனி, சர்வர்காரர்கள் கண்டுபிடித்த தந்திரத்தைப் பார்ப்போம். கூகுள் 2008-லேயே ஒரு வழி செய்தது. லீப் செகண்டை ஒரே இடத்தில் சேர்க்காமல், தோசைக்கு எண்ணெய் தடவுவது போல நாள் முழுவதும் தடவிவிடுவது. இப்போது அவர்கள் சொல்லும் முறைப்படி, உலக நேரப்படி ஒரு நண்பகல் முதல் மறு நண்பகல் வரை 24 மணி நேரம், ஒவ்வொரு நொடியையும் 86,400-ல் ஒரு பங்கு அளவுக்குச் சற்று நீட்டுகிறார்கள். எந்த எண்ணும் இரண்டு முறை வராது, கடிகாரம் பின்னால் போகாது, புரோகிராம்கள் விழாது. கெட்டிக்கார வேலைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த 24 மணி நேரத்தில் அவர்கள் கடிகாரம் உண்மையான நேரத்தோடு ஒத்துப்போகாது. லீப் செகண்டு வரும் கணத்தில் வித்தியாசம் அரை நொடி வரை போகும். எல்லோரும் ஒரே மாதிரி தடவினால் பரவாயில்லை. ஒருவர் 24 மணி நேரம் தடவுகிறார், இன்னொருவர் வேறு அளவில் தடவுகிறார், மற்றொருவர் தடவுவதே இல்லை. அவரவர் வசதி அவரவருக்கு.

எனக்குப் பிரான்சின் பழைய சட்டம் ஒன்று ஞாபகம் வருகிறது. உலகம் இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் பிரான்ஸ் பல வருஷம் முரண்டு பிடித்தது. 1911-ல் ஒருவழியாக ஒத்துக்கொண்டது. ஆனால் சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரே வராது. பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 நொடி கழித்தால் வருவதே பிரான்சின் நேரம் என்று எழுதினார்கள். என் பள்ளிக்கூட பாஷைக்காரர்களின் ரோஷத்தை நினைத்து இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஒன்று: ரோஷம் இருந்தாலும் கணக்கைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 9 நிமிடம் 21 நொடி என்று யார் வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம். இன்றைக்கு நம் அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும் எத்தனை பேர் "எங்கள் சர்வர் லீப் செகண்டை இப்படித்தான் கையாளும்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்? என் தங்கை மகனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் இதற்கு ஆணையே இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவில், சர்வர் வைத்திருப்பவர்கள் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடோ, தேசிய தகவல் மையத்தின் நேரத்தோடோ, அவற்றோடு இணைந்த நேரத்தோடோதான் தங்கள் கடிகாரங்களைப் பொருத்த வேண்டும் என்று இருக்கிறது. ஹாலில் ஒரே சுவர்க் கடிகாரம் என்ற எங்கள் பழைய ஆர்டர் மாதிரிதான். பாதி மெஷின் டெல்லியைப் பார்த்து, பாதி மெஷின் தடவுகிற கம்பெனியைப் பார்த்து ஓடினால், அந்த ஆணைக்கு என்ன மரியாதை?

இப்போது பெரிய ஆட்சேபணைக்கு வருகிறேன். "2035-ல் எடுத்துவிடுவார்கள்."

உண்மைதான். பேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவின் பொறியாளர்கள், லீப் செகண்டால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம், நிறுத்துங்கள் என்று 2022 ஜூலையில் எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் வெர்சாய் நகரில் கூடிய எடை, அளவுகள் பற்றிய உலக மாநாடு, பூமிக்கும் அணுக் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் வரம்பை 2035-க்குள் பெரிதாக்குவது என்று முடிவு செய்தது. ஒரு நூற்றாண்டுக்காவது இடையில் எதையும் சேர்க்காமல் நேரம் ஓட வேண்டும் என்பது நோக்கம். இந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. சூரியன் உச்சிக்கு வருவது ஒரு நிமிடம் தள்ளிப் போனால் எனக்கு ஒன்றும் குறையாது.

நான் எதிர்ப்பது, அந்த முடிவைக் காட்டி இன்றைய வேலையைத் தட்டிக் கழிப்பதை. "இந்த விதியைச் சீக்கிரம் மாற்றப் போகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே ஃபைலைக் கட்டி வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விதி மாறும் நாள் வரை பழைய விதிதான் விதி. பென்ஷன் விதியில் உங்களுக்குச் சாதகமான மாற்றம் வரப்போகிறது என்று சொல்லி, இந்த மாதப் பென்ஷனை நிறுத்தி வைத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

இதிலே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதுவரை வந்த 27-ம் கூட்டல். பூமி கொஞ்ச காலமாக வேகமாகச் சுற்றுவதால், இனி வந்தால் கழித்தலாக வரலாம். கலிபோர்னியாவின் டங்கன் ஆக்னியூ என்ற ஆராய்ச்சியாளர் 2024-ல் நேச்சர் இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்: துருவப் பனி உருகாமல் இருந்திருந்தால் 2026-லேயே ஒரு நொடியைக் கழிக்க வேண்டி வந்திருக்கும், பனி உருகுவது பூமியைச் சற்று மெதுவாக்குவதால் அது 2029 வாக்குக்குத் தள்ளிப் போகிறது என்று. 2029, 2035-க்கு முன்னால்தானே வருகிறது?

கழித்தல் வந்தால் எப்படி இருக்கும்? நம் நேரப்படி 5 மணி 29 நிமிடம் 58 நொடிக்கு அடுத்து நேராக 5.30. அந்த 59-வது நொடி இருக்கவே இருக்காது. "நாள் முடியும் கடைசி நொடியில் இந்த வேலையைச் செய்" என்று எங்காவது எழுதி வைத்திருந்தால், அந்த நொடியே வராது. கூட்டலில் 27 முறை அனுபவம் இருந்தும், 27-வது முறைகூட அடி வாங்கினோம். கழித்தல் உலகத்தில் ஒரு முறைகூட நடந்ததில்லை. அதற்கான புரோகிராம் வரிகள் எழுதப்பட்டுத் தூங்குகின்றன. கல்யாண மண்டபத்தில் தீயணைக்கும் சிலிண்டரை மாட்டி வைத்திருப்பார்களே, யாரும் அழுத்திப் பார்த்திருக்கமாட்டார்கள், அந்த மாதிரி.

குறை சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பழக்கமில்லை. ஃபைலில் எதிர்க் குறிப்பு எழுதினால், கீழே யோசனையும் எழுத வேண்டும் என்று பழக்கப்பட்டவன். படித்தும், தங்கை மகனைக் கேட்டும் தெரிந்துகொண்டதை ஓர் ஆபீஸ் ஆர்டர் போல எழுதுகிறேன். தவறு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

1. ஒரு நிறுவனத்துக்கு ஒரே நேர ஆதாரம். தடவுகிற கடிகாரத்தையும் தடவாத கடிகாரத்தையும் ஒரே இடத்தில் கலக்கக் கூடாது.

2. ஒரே தாவலாகச் சேர்ப்பதா, மெதுவாக நகர்த்துவதா, நாள் முழுக்கத் தடவுவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுத்தில் வைக்க வேண்டும். வெறும் இணையப் பக்கம் காட்டும் சர்வருக்குத் தடவல் போதும். டெண்டர், ஏலம், பங்குச் சந்தை போன்ற இடங்களில் அரை நொடிகூட வழக்கில் வந்து நிற்கும்.

3. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கச் சுவர்க் கடிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஓட்டப் பந்தயத்துக்கு ஸ்டாப் வாட்ச் உண்டல்லவா? அதுபோல ஒவ்வொரு சர்வருக்குள்ளும் முன்னோக்கி மட்டுமே ஓடும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

4. எது முன்னால், எது பின்னால் என்பதை நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வரிசை எண் போட வேண்டும். இது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரிந்த பாடம்.

5. இதுவரை வந்த லீப் செகண்டுகளின் பட்டியல் ஒரு ஃபைலாக இருக்கிறது. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஜனவரியிலும் ஜூலையிலும் பாரிஸ் அறிக்கையைப் பார்த்து அதைப் புதுப்பிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

6. தனி மெஷினில் ஒத்திகை பார்க்க வேண்டும். கூட்டல் ஒரு முறை, கழித்தல் ஒரு முறை.

7. அந்த நாள் விடியற்காலை 5.30-க்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த நேரத்தையொட்டிப் பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊருக்கு அது ஜனவரி முதல் தேதியாகவோ ஜூலை முதல் தேதியாகவோதான் பெரும்பாலும் வரும். புது வருஷக் கொண்டாட்டம் முடித்து எல்லோரும் தூங்குகிற நேரம் என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

இந்த ஏழில் செலவு பிடிக்கிற விஷயம் எதுவும் இல்லை. புது மெஷின் வாங்கச் சொல்லவில்லை. ஒரு ரிஜிஸ்தர், ஒரு பெயர், ஒரு கையெழுத்து. ஆறு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வரும் விருந்தாளிக்கு இதைக்கூடச் செய்யாமல், வந்தவரைத் திட்டி, இனி வராதே என்று உலக மாநாடு கூட்டித் தீர்மானம் போடுவதை என்ன சொல்வது?

பொங்கல் முடிந்து மூன்று வாரம் கழித்து தங்கை மகன் போன் செய்தான்.

"மாமா, நீங்க சொன்னீங்களேன்னு பார்த்தேன். ரெண்டு பழைய மெஷின்ல அந்த லீப் செகண்டு ஃபைல் காலாவதி ஆகி ரொம்ப நாளாச்சு."

"யார் பொறுப்பில் இருந்தது?"

"யார் பொறுப்பிலயும் இல்ல. இப்ப என் பேரைப் போட்டிருக்காங்க."

"எழுத்தில் போட்டிருக்கிறார்களா, வாயால் சொன்னார்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எழுதி வாங்கிக்கிறேன் மாமா" என்றான்.

உங்கள் வீட்டிலும் பிள்ளையோ, பெண்ணோ, மருமகளோ இந்த சர்வர் வேலையில் இருப்பார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, "வந்தால் யார் பார்ப்பார்கள், பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நம்மைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நம் பென்ஷன் அந்த மெஷின்களில்தான் இருக்கிறது. ஜூலை முதல் வாரம் பாரிஸ் அறிக்கை வரும்போது, என் தங்கை மகனுக்கு நானே போன் செய்து ஞாபகப்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறேன். என் டைரியில் இப்போதே குறித்து வைத்துவிட்டேன்.